சூரியனுக்காக அடக்கி வைத்த வண்ணங்கள்

பிரெஞ்சு ஓவியர் குளோட் லொரைன் 1648-இல் தீட்டிய, ஷீபா நாட்டு அரசி கப்பலேறும் துறைமுகக் காட்சியைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பழகிக்கொண்டிருக்கிறேன். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அந்தப் படத்தில் சூரியன் அடிவானத்துக்குச் சற்று மேலே நின்று நேராக நம் முகத்தில் ஒளி வீசுகிறது. பிற்காலத்தில் ஆங்கில ஓவியர் டர்னர், கார்த்தேஜ் நகரைப் பற்றிய தம் ஓவியத்தை இதன் அருகில்தான் மாட்ட வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்தார். அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது.

குழாயிலிருந்து பிதுக்கும் வெள்ளைக்கு ஓர் எல்லை உண்டு. அதைவிட வெளிச்சமான வண்ணம் நம்மிடம் கிடையாது. ஆகவே சூரியன் சுடர வேண்டுமானால், மற்ற அனைத்தையும் ஒரு படி தணித்து வைத்தாக வேண்டும். வானத்தின் மிகப் பிரகாசமான பகுதியில்கூட வெள்ளையோடு யெல்லோ ஓக்கர் என்னும் மண்மஞ்சளைக் கலந்தே பூசுகிறேன். தடித்த வெள்ளை சூரிய வட்டத்துக்கும் அலைகளின் முகட்டில் விழும் சில கீற்றுகளுக்கும் மட்டுமே. அந்தக் கீற்றுகளை அடிவானத்தை ஒட்டி மெல்லியனவாகவும் நெருக்கமாகவும், நம்மை நெருங்க நெருங்க அகலமாகவும் இடைவெளி விட்டும் இழுத்தால், தட்டையான துணியில் கடல் தானாகவே படுத்துக்கொள்கிறது.

ஆழத்துக்கு அடிப்படை காற்று. இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால், தொலைவில் இருக்கும் கருமை வெளிறி நீலம் பாய்கிறது. லியொனார்டோ டா வின்சியே இதைத் தம் குறிப்புகளில் விரிவாக எழுதியிருக்கிறார். பர்ன்ட் அம்பர் என்னும் அடர்பழுப்பையும் அல்ட்ராமரின் என்னும் ஆழ்நீலத்தையும் கலந்த ஒரே கருமையை மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றை இடப்பக்கத் தூண்களுக்கு அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற இரண்டிலும் வானத்துக்குக் கலந்த வண்ணத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறேன். தொலைவுக் கட்டடங்களின் விளிம்பை, வண்ணம் காயும் முன்பே உலர்ந்த தூரிகையால் லேசாக வருடிவிட வேண்டும். அங்கே ஒரு கூர்மையான கோடு தங்கிவிட்டாலும் அது முன்னுக்கு வந்து நிற்கும்.

லொரைன் விடியலுக்கு முன்பே ரோமைச் சுற்றியுள்ள வயல்வெளிகளுக்குச் சென்று வானத்தின் நிறமாற்றங்களைக் கவனித்து வந்ததாக, அவருடைய நண்பரும் ஓவியருமான சாண்ட்ரார்ட் எழுதியிருக்கிறார். கற்பவர்களுக்கு லொரைன் விட்டுச்சென்ற இன்னொரு செல்வம், போலிகளிலிருந்து தம் படைப்புகளைக் காக்க அவற்றைப் பார்த்து வரைந்து சேர்த்த 'லிபர் வெரிடாட்டிஸ்' என்னும் தொகுப்பு. இப்போது அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பேனாவாலும் பழுப்பு நீர்வண்ணத்தாலும், சில தாள்களில் சற்றே வெள்ளையாலும் வரையப்பட்ட அவற்றில் நிறங்களின் கவர்ச்சி இல்லாததால், எந்த இடம் எவ்வளவு இருள், எங்கே ஒளி திறக்கிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரியும். துணியில் தூரிகை வைப்பதற்கு முன், அதே முறையில் உள்ளங்கையளவு பழுப்புச் சித்திரம் ஒன்றைத் தீட்டிக்கொள்வதை நான் வழக்கமாக்கியிருக்கிறேன். வண்ணங்களைக் கலக்கும்போது கண் அதன் மேல்தான் இருக்கிறது.