ரஸ்புடின் வாங்கித் தந்த முட்டை

தினமும் காலையில் காபியோடு ஒரு வினாடி வினா. இன்றைக்கு ரஸ்புடின், ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னர் குடும்பத்துக்கு நெருக்கமாக இருந்தவர். 'எப்படி இறந்தார்?' என்றதும் யோசிக்காமல் 'விஷம்' என்று அழுத்தினேன். தப்பு! 1916 டிசம்பரில் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்), யூசுபோவ் மாளிகையில் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். மூன்று குண்டுகள், ஒன்று நெற்றியில். கேக்கில் சயனைடு விஷம் வைத்த கதையெல்லாம் கொன்றவர்களில் ஒருவரான இளவரசர் யூசுபோவ் பிற்பாடு எழுதியது. கொலைகாரர் பேச்சை இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன் பாருங்கள்!

அடுத்ததிலும் சறுக்கல். அவர் முறைப்படி துறவியே ஆகவில்லையாம். சைபீரிய விவசாயி, ஊரில் மனைவி, மூன்று பிள்ளைகள். அந்தத் தாடியைப் பார்த்தால் யாருக்குத்தான் சாமியார் என்று தோன்றாது?

மகள் மரியா பிற்காலத்தில் சர்க்கஸில் சிங்கங்களோடு வித்தை காட்டினார். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் கேட்கவே இல்லை.