அமெரிக்காவில் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது மாணவர் ரிவ்யூக்களை எவ்வளவு நம்பலாம்?

ஊரில் இன்ஜினியரிங் படித்த நம்மில் பெரும்பாலோருக்கு எந்தப் பாடத்தை யார் நடத்துவார் என்பது நம் கையில் இருந்ததே இல்லை. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் டைம்டேபிளில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான். எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்ததும் ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்று பேராசிரியர்கள் இருப்பார்கள், பிடித்தவரை எடுத்துக்கொள்ளலாம். உடனே எல்லோரும் திறப்பது, மாணவர்கள் பேராசிரியர்களுக்கு மதிப்பெண் போட்டு ரிவ்யூ எழுதும் ரேட் மை ப்ரொஃபசர்ஸ் தளத்தைத்தான். நான் டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எம்.எஸ். முடித்தவன். ஒவ்வோர் ஆகஸ்டிலும் புதிதாக வருகிறவர்கள் "அண்ணா, இவருக்கு 2.7தான் போட்டிருக்கு, எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும் என்பதை ரிவ்யூக்கள் ஓரளவு நன்றாகவே சொல்லும். அந்த வகுப்பில் நீங்கள் எவ்வளவு கற்றுக்கொள்வீர்கள் என்பதைச் சொல்லாது. மேலே பெரிதாகத் தெரியும் அந்த எண் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறது. அதனால் எண்ணை விட்டுவிட்டுக் கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

அந்தத் தளம் 1999-இல் வேறொரு பெயரில் தொடங்கியது. தரத்துக்கு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண், கடினத்துக்கு இன்னொன்று, மறுபடி இவரிடம் படிப்பீர்களா என்ற கேள்விக்கு ஒரு சதவீதம். 2018 வரை பேராசிரியர் பார்க்க அழகாக இருக்கிறாரா என்பதற்கே ஒரு மிளகாய்ச் சின்னம் இருந்தது. பேராசிரியர்களே பொதுவெளியில் கண்டித்த பிறகுதான் அதை எடுத்தார்கள். எழுதுகிறவர் உண்மையிலேயே அந்த வகுப்பில் உட்கார்ந்தவரா என்று சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. 120 பேர் படித்த வகுப்பில் ஆறு பேர் எழுதியிருந்தால், அந்த ஆறு பேரும் பெரும்பாலும் ரொம்பச் சந்தோஷப்பட்டவர்கள் அல்லது ரொம்பக் கோபப்பட்டவர்கள். பேசாமல் படித்து பி-பிளஸ் வாங்கிப் போனவர் எதற்கு எழுதப் போகிறார்?

சரி, மொத்தப் பேரும் எழுதினால் மட்டும் நம்பலாமா? அமெரிக்க விமானப்படை அகாடமியில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு இந்த விஷயத்தில் கண்ணைத் திறந்தது. அங்கே மாணவர்கள் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது. யாருக்கு எந்த ஆசிரியர் என்பதை நிர்வாகமே குலுக்கல் முறையில் முடிவு செய்யும், எல்லாப் பிரிவுக்கும் தேர்வு ஒன்றுதான். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியான இடம். கேரல், வெஸ்ட் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் கால்குலஸ் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கித் தந்த ஆசிரியர்களுக்கு மாணவர்கள் நல்ல ரேட்டிங் கொடுத்தார்கள். ஆனால் அதன் தொடர்ச்சியாக வரும் அடுத்த பாடங்களில் அதே மாணவர்கள் சராசரியாகப் பின்தங்கினார்கள். ஆழமாகச் சொல்லித் தந்த அனுபவசாலிகளுக்கு அப்போதைக்குக் குறைந்த ரேட்டிங்தான் கிடைத்தது. அவர்களின் மாணவர்கள் பின்னால் நன்றாகச் செய்தார்கள்.

ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019-இல் வெளியான ஆய்வும் இதையேதான் காட்டியது. மாணவர்களே கணக்குப் போட்டு, தங்களுக்குள் பேசிக் கற்ற வகுப்பில் கற்றது அதிகம் என்று தேர்வு காட்டியது. அவர்களோ, சரளமான விரிவுரையைக் கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். மூளைக்குச் சிரமம் கொடுத்தால் ஒன்றும் புரியவில்லை என்று தோன்றுவது இயல்புதானே. அந்த மனநிலையில் எழுதியதுதான் ரிவ்யூவாக வருகிறது.

அப்புறம் பாரபட்சம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பேராசிரியர்கள் பலர் இதில் அடிபடுகிறார்கள். ஓர் இந்தியப் பெயரோ சீனப் பெயரோ உள்ள பக்கத்தைத் திறந்தால் "உச்சரிப்பு புரியவில்லை" என்று யாராவது கட்டாயம் எழுதியிருப்பார். டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் 1992-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், அமெரிக்கர் ஒருவர் பேசிய ஒரே ஒலிப்பதிவை இரண்டு குழுக்களுக்குப் போட்டார்கள். ஒரு குழுவுக்கு வெள்ளையினப் பெண்ணின் படம், இன்னொன்றுக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தபடி கேட்டவர்களுக்கு அதே குரலில் அந்நிய உச்சரிப்பு கேட்டது, பாடமும் குறைவாகவே மனதில் நின்றது. 2015-இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆன்லைன் வகுப்பு ஒன்றில் இரண்டு ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு குழுவை ஆண் பெயரிலும் இன்னொரு குழுவைப் பெண் பெயரிலும் நடத்தினார்கள். அசைன்மென்ட்டை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திருப்பித் தந்தும், சீக்கிரம் தருகிறார் என்பதற்கு ஆண் பெயருக்கே கூடுதல் மதிப்பெண் விழுந்தது. 43 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், என்றாலும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஒரு பெண் பேராசிரியருக்கோ வெளிநாட்டுப் பேராசிரியருக்கோ 3.2 இருந்தால், அதைப் பக்கத்திலுள்ள 3.8-உடன் அப்படியே ஒப்பிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ரிவ்யூவைப் படிக்கச் சொல்கிறேன். எப்படிப் படிப்பது என்பதற்கு நான் அல்காரிதம் பாடம் எடுத்த பேராசிரியரின் பக்கத்தையே சொல்கிறேன். அவருக்கும் மூன்றுக்குக் கீழேதான். ஒருவர் "படுமோசம், தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று எழுதியிருந்தார். இதில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை, தாண்டிவிடலாம். இன்னொருவர் "ஸ்லைடே கிடையாது, எல்லாம் போர்டில்தான், ஒரு வகுப்பு விட்டால் போச்சு" என்று திட்டியிருந்தார். அவர் திட்டாக எழுதியது எனக்குத் தகவல். போர்டைப் பார்த்து நோட்டில் எழுதியே பழகிய நமக்கு அது வசதிகூட. மூன்றாமவர், ஒவ்வொரு ஹோம்வொர்க்கும் ஒரு வார இறுதியையே விழுங்கும், தேர்வுக்கு ஒரு பக்கக் குறிப்புத் தாள் கொண்டுபோகலாம், ஆபீஸ் ஹவர்ஸில் போனால் பொறுமையாகச் சொல்லித் தருவார் என்று எழுதியிருந்தார். மூன்றுமே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விவரங்கள். இப்படி ஒன்று கிடைத்தால் வெறும் நட்சத்திர மதிப்பீடுகள் பத்துக்குச் சமம். படித்ததில் ஒரு வரியும் பிசகவில்லை, அந்தப் பாடம்தான் பின்னால் இன்டர்வியூக்களில் எனக்குக் கை கொடுத்தது.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டைக் கவனித்தேன். ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் மேலே பாட எண் இருக்கும். மோசமாக வந்தவை பெரும்பாலும் முதலாண்டு இளநிலை மாணவர்கள் கட்டாயமாகப் படிக்கும் டிஸ்க்ரீட் கணிதத்துக்கு வந்தவை. 18 வயதில் வேண்டாவெறுப்பாக அந்த வகுப்பில் உட்கார்ந்தவர் சொல்வது உங்கள் எம்.எஸ். வகுப்புக்குப் பொருந்தாது. அடுத்தது தேதி. 2020, 2021-இல் எழுதியவை பலவும் ஜூம் வகுப்பைப் பற்றிய புகார்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்திலும் மே தொடக்கத்திலும் வருபவை ஃபைனல் எக்ஸாம் சூட்டில் எழுதியவை. இவற்றைக் கழித்த பிறகும் வெவ்வேறு செமஸ்டர்களில் வெவ்வேறு ஆட்கள் ஒரே விவரத்தைச் சொன்னால் அதை நம்புங்கள். உதாரணமாக, மெயிலுக்குப் பதிலே போடமாட்டார் என்று மூன்று வருடமாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

சீனியர்களின் வாட்ஸாப் குழு இதைவிட நம்பகம் என்று நினைக்கலாம். அங்கே ஆள் யார் என்று தெரியும், அது பெரிய நன்மை. ஆனால் "அந்த சார் ஜாலி, ஏ கன்ஃபார்ம்" என்று சொல்கிறவர் அந்த செமஸ்டரில் வேலை தேடிக்கொண்டிருந்தவராக இருக்கலாம். அவர் தேவை வேறு. "நல்லா நடத்துவாரா?" என்று கேட்டால் "நல்லாதான் நடத்துவார்" என்ற பதில்தான் வரும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போச்சு, ப்ராஜெக்ட் தனியாகவா குழுவாகவா, மிட்டெர்மில் நிரூபணம் கேட்பாரா கோட் எழுதச் சொல்வாரா என்று கேளுங்கள்.

ரிவ்யூவை விட உறுதியான இரண்டு ஆவணங்கள் பலருக்கும் தெரியாமலே கிடக்கின்றன. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பாடங்களின் சிலபஸையும் நடத்துகிறவரின் கல்வித் தகுதி விவரத்தையும் இணையத்தில் பொதுவில் வைக்க வேண்டும் என்று 2009-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். முதுநிலைப் பாடங்களுக்குத் துறையின் பக்கத்தில் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் பேராசிரியருக்கே மெயில் போட்டுப் போன வருட சிலபஸைக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. தேர்வுக்கு எவ்வளவு, ப்ராஜெக்டுக்கு எவ்வளவு, தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பார் என்று எல்லாம் அதில் இருக்கும்.

இன்னொன்று கிரேடு விவரம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் போன்ற இடங்களில் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை ஏ, எத்தனை பி, எத்தனை பேர் பாடத்தையே டிராப் செய்தார்கள் என்று பேராசிரியர் வாரியாக வெளியிடுகிறார்கள். "யாருக்கும் ஏ தரமாட்டார்" என்று ரிவ்யூ சொல்லும், அங்கே போய்ப் பார்த்தால் பாதிப் பேர் ஏ வாங்கியிருப்பார்கள். ஏ-க்களை மட்டும் பார்க்காமல் டிராப் எண்ணிக்கையையும் பாருங்கள். 40 பேரில் 12 பேர் பாதியில் விலகிவிட்டு, மீதிப் பேரில் நிறைய ஏ என்றால் அது சுலபமான வகுப்பு இல்லை.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், வகுப்பில் இடம் இருந்தால் இரண்டு பேராசிரியரின் வகுப்புக்கும் முதல் வாரத்தில் போய் உட்காருங்கள். அபராதம் இல்லாமல் மாற்றிக்கொள்ளும் கடைசித் தேதி கல்வி நாட்காட்டியில் இருக்கும், அதைப் போனில் குறித்து வையுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு பாடத்தை விட்டுவிட்டு மாற்றுப் பாடம் எடுக்காமல் முழுநேரக் கிரெடிட் அளவுக்குக் கீழே போனால் விசா நிலைக்கே ஆபத்து. முதுநிலைக்குப் பல பல்கலைக்கழகங்களில் அது 9 கிரெடிட். அதனால் முதலில் புதிய பாடத்தில் இடம் பிடியுங்கள், பிறகு பழையதை விடுங்கள். வேறு வழியே இல்லை என்றால், டிராப் செய்வதற்கு முன்னால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசி எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

செமஸ்டர் முடிந்ததும் நீங்களும் ஒரு ரிவ்யூ எழுதுங்கள். கிரேடு வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். எந்த செமஸ்டர், எந்தப் பாடம், எத்தனை ஹோம்வொர்க், தேர்வு எப்படி இருந்தது, வாரத்துக்கு எவ்வளவு நேரம் போனது, அந்தப் பாடத்துக்கு வரும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும். அடுத்த ஆகஸ்டில் யாரோ ஒருவர் அதை நம்பித்தான் பாடம் எடுப்பார்.