பிறந்தநாளில் வருகிறவர்கள்

கலிஃபோர்னியாவில் ஒரு நகரக் காவல்துறையின் பதிவுப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். சீருடையும் துப்பாக்கியும் இல்லாத வேலை. ஒரு கவுன்டர், கம்ப்யூட்டர், கேமரா, கைரேகை ஸ்கேனர், அவ்வளவுதான். பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று வெளியே வந்தவர்கள் பதிவு செய்ய வருவது செவ்வாயும் வியாழனும். ஒவ்வொருவரும் வருடா வருடம் தன் பிறந்தநாளை ஒட்டிய ஐந்து வேலை நாட்களுக்குள் வந்தாக வேண்டும் என்பது சட்டம். நகர எல்லைக்குள் குடியிருந்தால் எங்களிடம், வெளியே என்றால் கவுன்டி ஷெரிஃபிடம், அதாவது மாவட்டப் போலீஸிடம். கல்லூரியில் சேர்ந்தால் அந்த வளாகத்துப் போலீஸிடமும் தனியாகப் பதிய வேண்டும்.

சேர்ந்த புதிதில், பிறந்த தேதியை டைப் செய்யும்போதெல்லாம் வாழ்த்து வாய் வரைக்கும் வந்துவிடும். அடக்கிக்கொள்வேன். இங்கே யாருக்கும் அது வாழ்த்துகிற நாள் இல்லை.

வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் பதிவேடு என்றால், இவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று இணையத்தளத்தில் காட்டுகிற வரைபடம்தான். நியூ ஜெர்சியில் 1994-இல் மேகன் கான்கா என்ற ஏழு வயதுக் குழந்தையை எதிர்வீட்டில் இருந்தவன் கொன்றான். ஏற்கெனவே குழந்தைகளிடம் அத்துமீறித் தண்டனை பெற்றவன். அது தெருவில் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு, 1996-இல், இந்த விவரத்தை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. கலிஃபோர்னியாவில் பதிவேடு 1947 முதலே உண்டு, ஆனால் அதைப் போலீஸ் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தியாவில் 2018-இல் தொடங்கிய தேசியப் பதிவேடு இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

நம் ஊர்ப் பெண்கள் வீடு பார்க்கும்போது எனக்கு போன் செய்வார்கள். "அக்கா, இந்தத் தெருவுல யாராவது இருக்காங்களா?" ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, தளத்தை நீயே பாரு என்பேன். எல்லாருடைய விவரமும் அதில் வராது, சிலருக்கு அஞ்சல் குறியீட்டோடு நின்றுவிடும் என்பதையும் சொல்வேன். அப்புறம் ஒன்று சொல்லாமல் போனை வைப்பதில்லை. போலீஸுக்கு வந்த பாலியல் வழக்குகளை வைத்து 2000-இல் வெளியான அமெரிக்க மத்திய அரசின் அறிக்கை ஒன்று, பாதிக்கப்பட்ட பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களில் முன்பின் தெரியாதவர்களிடம் சிக்கியவர்கள் 7 சதவீதம்தான் என்கிறது. மற்ற எல்லோரையும் பாதித்தது உறவினர்களும் தெரிந்தவர்களும். அதனால் தெருவைப் பார்க்கிற மாதிரி, வீட்டுக்கு வந்து போகிறவர்களையும் பாரு, பிள்ளை ஏதாவது சொன்னால் நம்பு என்பேன்.

வேலை முழுக்க விலாசத்தில்தான் இருக்கிறது. விலாசம் தப்பாக இருந்தால் வரைபடமும் தப்பு. எங்கள் டிடெக்டிவ்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஒருமுறை கொடுத்த கதவு எண்ணில் துணி வெளுக்கும் கடை இருந்தது. அந்த ஆள் கிடைக்கும் வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீடே இல்லாதவர்கள் 30 நாளுக்கு ஒருமுறை வர வேண்டும். எங்கே தூங்குகிறாய், எங்கே சாப்பிடுகிறாய், பொழுதை எங்கே கழிக்கிறாய் என்று படிவம் கேட்கும். மாதாமாதம் வருகிற ஒரு முன்னாள் கொத்தனார், "ஓடைப் பாலத்துக்குக் கீழே" என்பார். எந்தப் பக்கம் என்று கேட்டு, தெற்குப் பக்கம் என்று எழுதிக்கொள்வேன். சிமென்ட் அரித்து அவர் விரல் ரேகைகள் தேய்ந்துபோயிருக்கின்றன. ஸ்கேனரில் வெறும் சாம்பல் நிற வட்டம்தான் விழும். லோஷன் தடவி, துடைத்து, ஒவ்வொரு விரலாக நானே பிடித்து உருட்டுவேன். ஆள்காட்டி விரலுக்கு மட்டும் சில சமயம் நாலைந்து தடவை ஆகும்.

இப்படிப் பொறுமையாகச் செய்வதைப் பார்த்து, இவர்களுக்கு எதற்கு இவ்வளவு என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். அவர் அடுத்த மாதமும் வரணும் இல்லையா என்றேன். வராமல் போனால் அவர் எந்தப் பாலத்தடியில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. எங்கள் அலுவலகத்தில் முன்பதிவு இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். வாரத்தில் இரண்டே நாள், இடம் கிடைக்காது, ஐந்து நாள் கெடு ஓடிவிடும். பழைய குற்றம் பெரிய குற்றமாக இருந்தால் பதியத் தவறுவதற்கே மூன்று வருடம் வரை சிறை. வந்து நின்ற ஆளை நாமே தவறியவன் ஆக்குகிறோமே என்று மேலதிகாரியிடம் பலமுறை பேசினேன். கடைசியில், கெடு நெருங்கியவர்களை எந்த நாளிலும் பதியலாம் என்று சம்மதித்தார்கள்.

முன்பெல்லாம் கலிஃபோர்னியாவில் பதிவு என்றால் ஆயுள் முழுக்க. 2021 முதல் 10 வருடம், 20 வருடம், ஆயுள் என்று மூன்று படிநிலைகள். காலம் முடிந்தவர்கள் பதிவிலிருந்து நீக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனு போடலாம். மனு எங்களுக்கு வந்தால், அவர் தகுதியானவரா என்று 60 நாளுக்குள் அரசு வழக்கறிஞருக்கும் நீதிமன்றத்துக்கும் நாங்கள் எழுத வேண்டும்.

அப்படி ஒருவர் மனு போட்டார். அறுபதைத் தாண்டியவர், 1999 முதல் வருகிறவர். அவர் ஃபைலில் பழைய தீர்ப்பு இருக்கிறது. அதில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுக்கு இன்று நாற்பதை நெருங்கும் வயது. அந்தப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிடுவேன். அவளை மறந்துவிட்டு இந்த வேலையைச் செய்யக் கூடாது.

சரிபார்த்தபோது 2006-க்கான படிவம் இல்லை. நீங்கள் வரவில்லையா என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். நாங்கள் கொடுத்த நகல்கள், வருட வாரியாக, மடிப்பு கிழியாமல். 2006-உம் இருந்தது, மை மங்கி. ஆனால் எங்கள் மூலப்படிவத்தை வைத்துச் சொல்வதுதான் சரி என்று, பழைய பெட்டிகள் இருந்த அறையில் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தைச் செலவழித்தேன். 2007-ஆம் வருடப் பெட்டியில், வேறொருவர் ஃபைலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. முத்திரை, தேதி, பெருவிரல் ரேகை எல்லாம் தெளிவு. யாரோ எங்களில் ஒருவர் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

அறிக்கையில் அதைச் சேர்த்து அனுப்பினேன். மனு நிற்குமா என்பது நீதிபதி பாடு. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ வர்ற மார்ச்சுல நான் வரணுமா, மேடம்?"

"உத்தரவு வர்ற வரைக்கும் வரணும்."

மார்ச் 9, காலை 10 மணி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி, இரண்டு முறை வாசித்துவிட்டு, 2006-க்கு மேலே அதையும் கவருக்குள் வைத்துக்கொண்டு போனார்.