எலும்பும் தோலுமாக வந்த பெரியவர்: ஒரு பியர்டெட் டிராகனைச் சிக்கனமாகத் தேற்றிய அனுபவம்

வளர்க்க முடியாமல் ஒருவர் கைமாற்றிக் கொடுத்த பியர்டெட் டிராகன் இது; வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லி இனம். வயது வந்த ஆண். முகத்தில் இருந்த கிழட்டுத் தோரணையைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் ‘பெரியவர்’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம்; இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மூக்கிலிருந்து வால் நுனிவரை 45 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தார். எடை 200 கிராமைக்கூடத் தொடவில்லை. அந்த நீளத்துக்கு 300 கிராமுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும்.

தராசே தேவைப்படவில்லை என்றும் சொல்லலாம். இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. வாலின் அடிப்பகுதி சதை வற்றி ஒடுங்கியிருந்தது. தலையில் கண்ணுக்குப் பின்னால் கொழுப்புத் திட்டு லேசாக உப்பியிருக்க வேண்டிய இடம் குழி விழுந்திருந்தது. எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி மஞ்சளாகி, கட்டியாக வந்தது. உடம்பில் நீர் வற்றிப்போனதற்கு அது அடையாளம்.

செலவழிக்கக் கையில் அதிகம் இல்லை. இருப்பதையெல்லாம் போட்டுப் பூச்சி வாங்கி ஊட்டுவதா, சாப்பிட்டது ஏன் உடம்பில் ஒட்டவில்லை என்று முதலில் பார்ப்பதா? கொடுத்தவர் ‘நன்றாகத்தான் சாப்பிடுவான்’ என்று சொல்லியிருந்தார். அது உண்மையாக இருந்தால், பிரச்சினை தீனியில் இல்லை. அதனால் பூச்சிக்கான பணத்தைக் கடைசிக்குத் தள்ளினேன்.

முதல் செலவு வெப்பத்துக்கு. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்த இனம் இது. வெளிச்சூடு இல்லாவிட்டால் உள்ளே போன தீனி செரிக்காமல் கிடக்கும். வெயில் காயும் இடத்தின் பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். தொட்டியின் மறுகோடி 25 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். பெரியவரோடு வந்த தொட்டியில் வெயில் காய்வதற்காகச் சூடு தரும் பாஸ்கிங் விளக்குக்கு நேர் கீழே அளந்தபோது 31 தான் காட்டியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட வெப்பமானி மட்டும் 40 என்று சாதித்துக்கொண்டிருந்தது. அந்த ஒட்டு வெப்பமானிகளை நான் நம்புவதே இல்லை. பரப்பின் சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்றை இரவல் வாங்கித்தான் பார்த்தேன்.

விளக்கு விஷயத்தில் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. ஊர்வனவற்றுக்கென்று பெட்டியில் படம் போட்டு விற்கும் பாஸ்கிங் பல்புதான் வேண்டும் என்பதில்லை. ஒளியைக் கீழ்நோக்கிப் பரப்பும் சாதாரண ஹாலஜன் பல்பு அதே வேலையைச் செய்கிறது. பீங்கான் ஹோல்டர் மட்டும் கட்டாயம். பிளாஸ்டிக் ஹோல்டர் அந்தச் சூட்டுக்கு உருகிவிடும். அடியில் மிச்சமிருந்த தரை ஓடு ஒன்றை வைத்தேன். அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, நகத்தையும் தேய்த்துவிடுகிறது. மணலை எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரித்தேன். தெம்பில்லாத விலங்கு பூச்சியோடு மணலையும் சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

யூவிபி என்னும் புற ஊதாக் கதிரைத் தரும் குழல் விளக்கில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. யூவிபி இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் கால்சியம் குடலிலிருந்து உடம்பில் சேராது. பழைய குழல் எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இருக்கும்போதே யூவிபி குறைந்துபோகும் என்பதால் 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றச் சொல்கிறார்கள். சுருள் வடிவச் சிறு பல்புகளை நான் தேடவே இல்லை. தொட்டியின் பாதி நீளத்துக்காவது வரும் டி5 என்ற மெல்லிய குழல்தான் சரி. கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும் என்பதால் ஜன்னலோரம் வைப்பதும் பயனில்லை. ஆனால் திறந்தவெளியில் விழும் வெயில் இலவசம். கம்பி வலைக் கூண்டில், ஒரு பக்கம் நிழல் விட்டு, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காட்டினேன். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும்.

இரண்டாவது செலவு மலப் பரிசோதனை. ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் ஒளிவுமறைவு இல்லாமல், ‘என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, எதை முதலில் செய்யலாம்?’ என்று கேட்டேன். எக்ஸ்ரேயையும் ரத்தப் பரிசோதனையையும் தள்ளிவைத்துவிட்டு, மலத்தைப் பார்ப்போம் என்றார். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். அன்றே விழுந்த எச்சத்தைக் காயவிடாமல், சுத்தமான டப்பாவில் மூடிக் கொண்டுபோனால் போதும். பெரியவரைக் கையில் எடுத்து வாயைத் திறந்தும் பார்த்தார் மருத்துவர்: தாடை உறுதியாக இருந்தது, கை கால் நடுக்கம் இல்லை. எலும்பு நோய் இல்லை என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மலத்தில் காக்சிடியா ஏராளம். கீரிப்பூச்சி வகைப் புழுக்களும் கொஞ்சம் இருந்தன. இந்தப் பல்லிகளின் குடலில் அந்தப் புழு ஓரளவு இருப்பது சகஜம், எண்ணிக்கை ஏறினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். காக்சிடியா அப்படியில்லை. குடல் சுவரில் புகுந்து பெருகும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி அது. எவ்வளவு தின்றாலும் சத்து ஏறாது. ‘நன்றாகத்தான் சாப்பிடுவான்’ என்ற பேச்சும் எலும்பு தெரிந்த உடம்பும் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பூச்சியில் மட்டும் பணத்தைப் போட்டிருந்தால் பாதி அந்த ஒட்டுண்ணிக்குத்தான் போயிருக்கும்.

மருந்தை மருத்துவரே எடைக்குத் தகுந்தபடி அளந்து கொடுத்தார். ஆனால் உடனே ஆரம்பிக்கச் சொல்லவில்லை; நீர் வற்றிய உடம்பில் சல்ஃபா வகை மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும், முதலில் தண்ணீர் ஏறட்டும் என்றார். 200 கிராம்கூட இல்லாத உயிருக்கு நாமாக அளவு போடுவது விபரீதம்.

மருந்தைவிடப் பெரிய வேலை சுத்தம். எச்சத்தில் வெளியேறும் காக்சிடியா முட்டைகள் சாதாரண பிளீச்சுக்கு அசைவதில்லை. கொதிநீரும் நீராவியும்தான் வேலை செய்யும். எச்சம் விழுந்தவுடன் தாளை மாற்றுவது, ஓட்டின்மேல் கொதிநீர் ஊற்றுவது என்று சிகிச்சை முடியும்வரை ஓடியது. வேக வைக்க முடியாத மரக்கிளையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். தொட்டிக்குள் பூச்சிகளை ஓடவிடுவதையும் நிறுத்தினேன். எச்சத்தின்மேல் ஓடிய பூச்சியைத் தின்றால் ஒட்டுண்ணி திரும்ப வயிற்றுக்குள் போய்விடும். வழுவழுப்பான சுவருள்ள தனி டப்பாவில் வைத்தோ இடுக்கியாலோ கொடுத்ததில் ஒரு லாபமும் இருந்தது: ஒரு பூச்சிகூட வீணாகவில்லை.

சரி, தீனிக்கு வருகிறேன்.

பட்டினி கிடந்த விலங்குக்கு வயிறு முட்டக் கொடுக்கத்தான் மனம் துடிக்கும். ஆனால் நெடுநாள் பட்டினிக்குப் பிறகு சட்டென்று நிறைய உள்ளே போனால் ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், அதற்கும் அப்புறம்தான் சாப்பாடு. மூக்கு நுனியில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டால் நாக்கை நீட்டி நக்கிக்கொள்வார். வெதுவெதுப்பான தண்ணீரில், தோள்பட்டைக்கு மேலே ஏறாத ஆழத்தில் உட்கார வைத்தாலும் குடித்தார். வேகவைத்து மசித்த பூசணியைத் தண்ணீரில் கரைத்து அதே மாதிரி சொட்டு விட்டேன். வாயை வலுக்கட்டாயமாகத் திறக்கவில்லை; அப்படிச் செய்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். எச்சத்தின் வெள்ளைப் பகுதி மறுபடி மிருதுவாக, வெள்ளையாக வர ஆரம்பித்தபின் மருந்தும் சிறு பூச்சிகளும் தொடங்கின.

இளம் டிராகனுக்குப் பெரும்பங்கு பூச்சி, வளர்ந்ததற்குப் பெரும்பங்கு கீரை என்பதுதான் பொது விதி. பெரியவர் வளர்ந்தவர்தான் என்றாலும் உடம்பு தேறும்வரை பூச்சியைத் தினமும் கொடுத்தேன். இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது.

எந்தப் பூச்சி என்பதில்தான் பணம் கரைகிறது. சீக்கிரம் குண்டாக்க வேக்ஸ்வார்ம் என்ற கொழுத்த புழுவைக் கொடுங்கள் என்று சொல்லாதவர்கள் இல்லை. கொழுப்புதான், மறுக்கவில்லை. அதன் ருசி பிடித்துவிட்டால் மற்றதைத் தொடவே மாட்டார்கள், ஈரலிலும் கொழுப்பு படியும். எடை கூடுவதும் உடம்பு தேறுவதும் ஒன்றல்ல. கிரிக்கெட் பூச்சி, அதாவது சுவர்க்கோழி, சத்தானதுதான், ஆனால் வாங்கி வைத்ததில் ஒரு பங்கு செத்து நாறும். இரவில் தொட்டியில் தங்கிவிட்டால் தூங்கும் பல்லியைக் கடிக்கவும் செய்யும். மீல்வார்ம் என்ற மாவுப்புழு மலிவு, தவிட்டிலேயே பெருகும், குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வளர்ச்சி மெதுவாகி நாள்பட இருக்கும். ஆனால் ஓடு கெட்டி, கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் மிக அதிகம், அதனால் அதையே முழுச் சாப்பாடாக வைக்க முடியாது. அதைவிடப் பெரிய புழுவான சூப்பர்வார்மைக் குளிரில் வைத்தால் செத்துவிடும். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் கால்சியம் இயல்பாகவே நிறைய இருப்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

அன்றாடத்துக்கு நான் நம்பியது, தீனிக்கென்றே வளர்க்கும் டூபியா என்ற கரப்பான் வகையை. பெயரைக் கேட்டு வீட்டில் ஒரு சிறு போராட்டம் நடந்தது என்பது வேறு கதை. வழுவழுப்பான சுவரில் அதனால் ஏற முடியாது, சத்தம் கிடையாது, நாற்றமும் அதிகம் இல்லை. மூடியில் காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி, நிறுத்தி வைத்த முட்டை அட்டைகள், 30 டிகிரியை ஒட்டிய சூடு, இருட்டு. இவ்வளவுதான் அதன் வீடு. ஓர் ஆணுக்கு மூன்று முதல் ஐந்து பெண் என்ற கணக்கில் வளர்ந்தவற்றை வாங்கினேன். முட்டையைப் பெண் தன் உடம்புக்குள்ளேயே அடைகாத்துக் குஞ்சுகளாக ஈனும். அதற்கே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். குஞ்சு வளர்ந்து ஈனும் பருவத்துக்கு வர இன்னும் பல மாதங்கள். ஆகவே பெட்டி வந்த அன்றே கைவைத்தால் வித்துநெல்லைக் குத்திச் சமைத்த கதைதான். அந்த இடைக்காலத்தைக் கடையில் வாங்கிய சிறு பூச்சிகளை வைத்து ஓட்டினேன். பெட்டி பெருகியபின் பூச்சிக்கென்று கடைக்குப் போவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

பூச்சி தின்பதைத்தான் பெரியவரும் தின்கிறார். கேரட் சீவல், கீரைத் தண்டு, ஓட்ஸ் என்று சமையலறையில் மிஞ்சுவதைப் பூச்சிக்குப் போட்டு, ஒரு நாளாவது கழித்துப் பெரியவருக்குக் கொடுப்பேன். வெறும் வயிற்றோடு கடையிலிருந்து வரும் பூச்சியில் ஓடுதான் மிச்சம். கொடுக்குமுன் பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் பொடியில் புரட்டுவேன். வாரத்தில் ஓரிரு முறை பல்வைட்டமின் பொடி. சுவையூட்டிய, வண்ணம் சேர்த்த பொடிகள் எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கீரையைப் பூந்தொட்டியில் விதைத்துக்கொண்டேன். கடுகுக்கீரை, டேன்டேலியன், கொஞ்சம் செம்பருத்தி. ஸ்பினாச்சில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அவகாடோ விஷம். முதலில் பெரியவர் கீரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. காலையில் பசி அதிகமாக இருக்கும்போது கீரையை முன்னால் வைத்து, அதற்குள் புழுக்களை நெளியவிட்டதும், புழுவோடு இலையும் வாய்க்குள் போக ஆரம்பித்தது. சாப்பாடு எதுவானாலும் விளக்கு அணைய இரண்டு மணி நேரமாவது இருக்கும்போதே முடித்துவிடுவேன்.

காசு மிச்சமாகும் என்று கேள்விப்பட்டும் நான் தொடாதவை சில. பூனைத் தீனியில் புரதம் அளவுக்கு மேல் இருக்கிறது, சிறுநீரகம் பாதிக்கப்படலாம். தோட்டத்துப் பூச்சியில் மருந்து தெளித்திருக்கலாம், ஒட்டுண்ணியும் இருக்கலாம். அதில் மின்மினி தப்பித்தவறிச் சேர்ந்துவிட்டால் ஒன்றே ஒன்று போதும், பெரிய டிராகனையே கொன்றுவிடும். உலர்த்திய பூச்சியில் நீர்ச்சத்து சுத்தமாக இல்லை. பெரியவருக்குத் தேவைப்பட்டதே அதுதான்.

எடையைச் சமையலறைத் தராசில், வாரம் ஒருமுறை, காலையில் சாப்பாட்டுக்கு முன் பார்த்துக் குறித்தேன். தினமும் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும்; ஒரு முறை எச்சம் போட்டாலே பத்து கிராம் இறங்கிவிடும். மருந்து முடியும்வரை முள் பெரிதாக அசையவில்லை. அதன்பின் மெல்ல ஏறத் தொடங்கியது. முதலில் வாலடி திரண்டது, இடுப்பெலும்பு மறைந்தது, கடைசியாகத்தான் தலையின் குழிகள் நிரம்பின. மறுபடி செய்த மலப் பரிசோதனையில் காக்சிடியா தென்படவில்லை.

இப்போது 340 கிராமைத் தாண்டிவிட்டார். பூச்சியை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கியிருக்கிறேன், அடுத்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாகக் குறைக்க வேண்டும். பெரியவருக்கு இதில் துளியும் சம்மதமில்லை. கீரைத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்தால் டூபியா பெட்டி இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.