4790கே-க்கு மாத்து போர்டு: எச்81 வேணாம்னு ஏன் முடிவு பண்ணேன், இசட்97 எப்படி பாத்து எடுத்தேன்

என் இன்டெல் ஐ7-4790கே பிராசசர் உக்கார்ற பழைய இசட்87 மதர்போர்டு போயிடுச்சு (இசட்87, எச்81, இசட்97 எல்லாம் போர்டுல இருக்கற இன்டெல் சிப்செட்டோட பேரு, அத வெச்சு தான் போர்டையும் கூப்பிடுவோம்). 8 பின் பவர் குத்துற இடத்துக்கு பக்கத்துல ஒரு மாஸ்பெட் (பிராசசருக்கு போற கரண்ட ஸ்விட்ச் பண்ற சின்ன சிப்பு) கருகி, போர்டுக்கு பின்னாடி திருப்பி பாத்தா அந்த இடத்துல வட்டமா பிரவுன் கலர்ல இருந்துச்சு, சரி இது இனிமே எழுந்திரிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. அந்த போர்டுல மாஸ்பெட் மேல ஹீட்சிங்கே கிடையாது, வெறும் சிப்பு தான். இதுல எங்க வீடு பர்கூர் பக்கம், சுத்தி கிரானைட் பாலிஷ் போடுற யூனிட்டு, அந்த வெள்ளை தூசி எவ்ளோ துடைச்சாலும் ஒரே வாரத்துல கேஸுக்குள்ள படிஞ்சிடும், ஏப்ரல் மே வெயில் வேற சேந்தா அந்த பவர் பகுதி என்ன பாடு பட்டிருக்கும்னு யோசிச்சு பாருங்க.

மிச்சம் என்ன உயிரோட இருக்குன்னு முதல்ல தெரியணும் இல்லயா, அதனால பிராசசர், ரேம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) மூணையும் எடுத்துட்டு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நான் வழக்கமா போற சர்வீஸ் கடைக்கு போனேன். கடைக்கார அண்ணா அவர்கிட்ட இருந்த ஒரு எச்81 போர்டுல என்னோட ஐ7-4790கே-வ போட்டு ஆன் பண்ணாரு, உடனே டிஸ்ப்ளே வந்துச்சு. ரேம் நாலு குச்சியும் ஒவ்வொன்னா போட்டு பாத்தோம், ஓகே. எஸ்எம்பிஎஸ்-ல 12 வோல்ட் லைன மல்டிமீட்டர்ல பாத்தா 12.1 காட்டுச்சு, 11.4-லேந்து 12.6 வரைக்கும் இருக்கலாம்ங்கறது ஏடிஎக்ஸ்ங்கற பிசி பவர் சப்ளை ஸ்டாண்டர்டோட கணக்கு, அதனால அதுவும் நல்லா தான் இருக்கு. போர்டு மட்டும் தான் அவுட்.

அண்ணா சொன்னாரு, "தம்பி, இதே எச்81 புதுசு இருக்கு, வாரண்டியோட தரேன், எதுக்கு அலையற"ன்னு. அவர் சொல்றதுல தப்பு ஒன்னும் இல்ல, ஆபீஸ் வேலைக்கு, பில்லிங் போடறதுக்கு அது போதும். ஆனா எனக்கு ஓவர்க்ளாக் பண்றது, அதாவது பிராசசர கம்பெனி வெச்ச வேகத்துக்கு மேல ஓட்டறது தான் இந்த பொழுதுபோக்கே. எச்81, பி85, எச்97 எதுலயும் மல்டிப்ளையர (100 மெகாஹெர்ட்ஸ எத்தனையால பெருக்கணும்ங்கற எண், 44 வெச்சா 4.4 கிகாஹெர்ட்ஸ்) ஏத்த இன்டெல் விடல, 4790கே-வ போட்டா 4.4 வரைக்கும் டர்போல தானா போகும், அதுக்கு மேல கதவு சாத்திடும். 2013ல சில கம்பெனிங்க பி85, எச்87 போர்டுலயும் பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கற ஆரம்ப சாஃப்ட்வேர்) அப்டேட் குடுத்து ஓவர்க்ளாக் திறந்து விட்டாங்க, அப்புறம் இன்டெல் மைக்ரோகோட் (பிராசசருக்குள்ள ஏத்தற சின்ன ப்ரோக்ராம்) மூலமா அத அடைச்சுடுச்சு. அதனால இப்ப கடையில வர்ற புது எச்81-அ நம்பி கே (மல்டிப்ளையர் திறந்திருக்கற) பிராசசர் போடாதீங்க, கே-க்கு குடுத்த காசு வீண். இசட்87 இல்லனா இசட்97, இந்த ரெண்டு தான் வழி, ரெண்டுமே இப்ப புதுசா கிடைக்காது, செகண்ட்ஸ் தான்.

ஓசூர்ல வேலை செய்யற என் ஃப்ரெண்டு ஒருத்தன் வேற மாதிரி சொன்னான். "டேய், விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபரோட முடிஞ்சது, 4790கே-வுல விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, பேசாம ஏஎம்டியோட ரைசன் 5 3600 பிராசசரும் அதுக்கு ஒரு பி450 போர்டும் வாங்கு"ன்னான். நியாயமான பேச்சு தான், புதுசா மெஷின் கட்டறவங்களுக்கு நானும் அதத்தான் சொல்லுவேன், ஆனா பி450, பி550, எக்ஸ்470 மாதிரி எடுக்கணும், ஏ320-யும் ஏ520-யும் எடுத்தா அங்கயும் பிராசசர் ஓவர்க்ளாக் கிடையாது. எனக்கு அந்த பக்கம் போக மனசு வரல, காரணம் ரெண்டு. ஒன்னு, டிடிஆர்4 ரேம் தனியா வாங்கணும், கையில இருக்கற 16 ஜிபி டிடிஆர்3 சும்மா கிடக்கும். இன்னொன்னு தான் முக்கியம், 3600 மாதிரி சிப்பெல்லாம் தானாவே பூஸ்ட்ல எல்லைக்கு பக்கத்துல ஓடிடும், நாம கையால ஏத்தறதுக்கு பெருசா எதுவும் மிச்சம் வெக்காது. ஹாஸ்வெல்ல (4790கே இருக்கற தலைமுறையோட பேரு) ஒவ்வொரு படியா ஏத்தி, வோல்டேஜ் குறைச்சு, திரும்ப டெஸ்ட் பண்ணி புடிக்கற சந்தோஷம் வேற.

இப்ப போர்டுல எத பாக்கணும்ங்கறதுக்கு வரேன். நிறைய பேரு எத்தன யுஎஸ்பி, சவுண்டு சிப்பு என்ன, லைட் எரியுதான்னு தான் பாக்கறாங்க. நான் பாத்தது சாக்கெட்டுக்கு இடது பக்கமும் மேல் பக்கமும் எல் மாதிரி வளைஞ்சு இருக்கற அந்த பவர் பகுதிய, அதாவது விஆர்எம். எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் தான் குடுக்கும், அத பிராசசருக்கு தகுந்த மாதிரி இறக்கி குடுக்கற வேலை இதோடது. ஃபேஸ் (பவர் குடுக்கற தனித்தனி லைன்) அதிகம் இருந்தா கரண்ட் பிரிஞ்சு ஓடும், ஒவ்வொரு மாஸ்பெட்டும் கம்மியா சூடாகும். எட்டு பேரு தூக்க வேண்டிய மாங்கா லோடை நாலு பேருகிட்ட குடுத்தா என்ன ஆகுமோ அதான் 4 ஃபேஸ் போர்டுல 4.6 ஓட்டினா ஆகும்.

ஆனா ஹாஸ்வெல்ல ஒரு விசேஷம் இருக்கு, இது தெரிஞ்சா செகண்ட்ஸ் போர்டு எடுக்கும்போது கொஞ்சம் தைரியம் வரும். இந்த தலைமுறையில வோல்டேஜ் ரெகுலேட்டரோட கடைசி கட்டத்த பிராசசருக்குள்ளயே வெச்சுட்டாங்க, எஃப்ஐவிஆர்னு பேரு. போர்டு 1.8 வோல்ட் பக்கமா ஒரே ஒரு சப்ளை குடுத்தா போதும், உள்ள கோருக்கு, கேஷ் மெமரிக்கு, கிராபிக்ஸுக்குன்னு அதுவே பிரிச்சுக்கும். 130 வாட் இழுக்குதுன்னு வெச்சுக்கோங்க, 1.8 வோல்ட்ல அது சுமார் 72 ஆம்பியர், இதே முந்தின தலைமுறை மாதிரி போர்டே நேரா 1.2 வோல்ட்டுக்கு இறக்கி குடுக்கணும்னா 108 ஆம்பியர். மாஸ்பெட் சூடு கரண்டோட வர்க்கத்துல ஏறும், அதனால இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்ல. அதுக்கு பதிலா அந்த சூடு பிராசசருக்குள்ள போயிடுச்சு, ஹாஸ்வெல் கொதிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். 2015ல ஸ்கைலேக் தலைமுறை வந்தப்ப இந்த ஏற்பாட்ட எடுத்துட்டாங்க. ஆக, இதுக்கு ரொம்ப பெரிய போர்டெல்லாம் தேவையில்ல, ஆனா மாஸ்பெட் மேல ரெண்டு பக்கமும் ஹீட்சிங் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கணும், என்னோட டவர் கூலர் காத்த பின்பக்கமா தள்ளுமே தவிர விஆர்எம் மேல அடிக்காது.

இசட்87-அ விட இசட்97-அ தேடினதுக்கு காரணம் பயாஸ். 4790கே 2014 ஜூன்ல வந்தது, இசட்87 அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வந்தது, பழைய பயாஸ் இருந்தா 4790கே-வ போட்டதும் டிஸ்ப்ளேவே வராம போகலாம், அப்டேட் பண்ண வேற ஒரு பிராசசர் தேடணும். செகண்ட்ஸ்ல அந்த வேலை வெச்சுக்க கூடாது. கூலர பத்தி கவலையே இல்ல, 1155, 1150 (என்னோடது), 1151 சாக்கெட் எல்லாத்துக்கும் ஓட்டை இடைவெளி 75 மில்லிமீட்டர் தான், என் பழைய ஹைப்பர் 212 கூலர் அப்படியே உக்காரும்.

இங்க எதுவும் கிடைக்கல, அதனால கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விக்கற பெங்களூரு எஸ்பி ரோடுக்கு போனேன். எங்களுக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ட விட இதான் பக்கம், பஸ் ஏறினா சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி போயிடலாம், டவுன்ஹால் பக்கத்துல இறங்கி நடந்தா போதும், பாதி கடையில தமிழ்லயே பேசலாம். ஒரு கடையில இசட்97 மூணு இருந்துச்சு. ஒன்னுல சாக்கெட்டுக்குள்ள மொபைல் கேமராவ ஜூம் பண்ணி டார்ச் சாய்ச்சு அடிச்சு பாத்தேன், ஓரத்துல ரெண்டு பின்னு மத்ததோட சேராம வேற மாதிரி மின்னுச்சு, வளைஞ்சிருக்கு, கீழ வெச்சுட்டேன். 1150 பின்னும் போர்டுல தான் இருக்கு, பிராசசர்ல இல்ல, அதனால சாக்கெட்ட திறந்து பாக்க விடாத கடையில வாங்காதீங்க. இன்னொன்னு குறைஞ்ச விலை, ஆனா 4 ஃபேஸ், மேல் பக்கம் ஹீட்சிங் இல்ல. மூணாவது ஆசஸ் இசட்97-ஏ, 8 ஃபேஸ், ரெண்டு ஹீட்சிங், கெபாசிட்டர் தலை எல்லாம் தட்டையா இருந்துச்சு, பின்னாடி திருப்பி பாத்தா மாஸ்பெட் இருக்கற இடத்துல நிறம் மாறல. அத எடுத்துட்டேன்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி அங்கயே என் பிராசசர போட்டு, நாலு ரேம் ஸ்லாட்டும், கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டும், ஃபேன் கனெக்டர் எல்லாமும் செக் பண்ண சொன்னேன், கடைக்காரர் முகம் சுளிக்காம பண்ணி குடுத்தாரு. பின்பக்க தகடு (யுஎஸ்பி மாதிரி கனெக்டருக்கு ஓட்டை விட்டு கேஸுல மாட்டறது) இருக்கான்னு கேட்டு வாங்குங்க, செகண்ட்ஸ்ல அது தான் எப்பவும் காணாம போயிருக்கும், தனியா தேடினா கிடைக்காது. 7500 ரூபா, செக்கிங் வாரண்டி ஒரு வாரம்.

வீட்டுக்கு வந்து பேட்டரி புதுசு மாத்தி, பயாஸ கடைசி வெர்ஷனுக்கு கொண்டு வந்து, எக்ஸ்எம்பி (ரேம அதோட முழு வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு தான் ஆரம்பிச்சேன், ரேமையும் பிராசசரையும் ஒண்ணா ஏத்தினா எது தடுக்குதுன்னு தெரியாது. முதல்ல நாலு கோருக்கும் மல்டிப்ளையர் 44, இது சாதாரணமா ஒரு கோருக்கோ ரெண்டு கோருக்கோ மட்டும் வர்ற வேகம், நாலும் ஓடினா 4.2 தான். 1.15 வோல்ட்ல கிராஷ் ஆகாம ஓடுச்சு. 45-க்கு 1.19 வோல்ட். 46-க்கு 1.22 குடுத்தப்ப ரெண்டரிங் நடுவுல நீல ஸ்க்ரீன், 124-ல முடியற கோட், ஹாஸ்வெல்ல இது வந்தா பெரும்பாலும் விகோர், அதாவது கோருக்கு போற வோல்டேஜ் பத்தலன்னு அர்த்தம். 1.25 குடுத்தேன், உள்ள வர்ற இன்புட் வோல்டேஜ 1.85 வெச்சேன், கிராஷ் ஆகாம கெட்டியா ஓடுச்சு. வோல்டேஜ ஆட்டோல விடாதீங்க, அடாப்டிவ் மோட்ல (லோடுக்கு தகுந்த மாதிரி வோல்டேஜ் மாறறது) வெச்சு பிரைம்95 டெஸ்ட் ப்ரோக்ராமோட புது வெர்ஷன ஓட்டாதீங்க, அதுல வர்ற ஏவிஎக்ஸ்ங்கற கனமான கணக்கு லோடு வந்ததும் எஃப்ஐவிஆர் நாம சொன்னத விட மேல ஏத்திடும். நான் வோல்டேஜ மேனுவல்ல வெச்சு ரியல்பெஞ்ச்ங்கற டெஸ்ட் ப்ரோக்ராம் தான் ஓட்டறேன்.

47-ம் பாத்தேன். 1.32 கேட்டுச்சு, மதியம் ரூம்ல 33 டிகிரி, கோர் 93-அ தொட்டுச்சு, 100-ல பிராசசர் தானே வேகத்த குறைச்சுக்கும். ரூம் சூடு பத்து டிகிரி ஏறினா கோரும் கிட்டத்தட்ட அதே பத்து ஏறும், இது ஜனவரி, எங்க ஊரு மே மாசத்துல இது நடக்கற காரியம் இல்ல. 46-லயே நிறுத்திட்டேன், அதே மதியத்துல 81 டிகிரி. விஆர்எம் ஹீட்சிங்க விரல் வெச்சா வெச்சுக்கிட்டே இருக்கலாம், அந்த அளவு தான் சூடு, பழைய போர்டுல இது நினைச்சு கூட பாக்க முடியாது.

கேஷ் ரேஷியோ (பிராசசர் கேஷ் மெமரியோட மல்டிப்ளையர்) இன்னும் 40-லயே இருக்கு. அடுத்தது அத 42-க்கு தள்ளி பாக்கணும், அப்புறம் எக்ஸ்எம்பி ஆன் பண்ணி ரேம 1866-க்கு, அது முடிஞ்சதும் கேஸ் முன்பக்கத்துக்கு தூசி வலை ஒன்னு வெட்டி ஒட்டணும்.