பள்ளியில் எழுதிய எஸ்ஏடி, கணக்கில் வராத மதிப்பெண்

மகளின் கல்லூரி விண்ணப்பக் கெடு நவம்பர் 1. அக்டோபர் பாதியில் ஒரு ராத்திரி மகள் வந்து, "அம்மா, என் காலேஜ் போர்டு கணக்கில் மதிப்பெண்ணே இல்லை" என்றாள். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வை நடத்தும் அமைப்புதான் காலேஜ் போர்டு. மதிப்பெண் அவர்கள் இணையதளத்தில் நம் கணக்கில் வரவேண்டும். அவள் எழுதியதோ ஏப்ரலில். எனக்குக் கை கால் ஓடவில்லை.

மிச்சிகனில் 11ஆம் வகுப்பில் பள்ளியிலேயே எஸ்ஏடி எழுத வைக்கிறார்கள். கட்டணம் இல்லை, பதிவையும் பள்ளியே செய்துவிடும். சிக்கல் அங்கேதான். சனிக்கிழமைத் தேர்வென்றால் பிள்ளை தன் கணக்கில் பதிவு செய்யும், மதிப்பெண்ணும் அங்கேயே வந்துவிடும். பள்ளித் தேர்விலோ பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பெயர்தான் போகிறது.

மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் விசாவில் முதல் பெயரை 'எஃப்என்யூ' என்று போட்டுவிட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பள்ளியிலும் அதையே ஏற்றியிருக்கிறார்கள். அவள் கணக்குத் தொடங்கியது தன் பெயர், அப்பா பெயர் என்று. இரண்டும் எப்படிப் பொருந்தும்? நம் ஊரிலிருந்து வந்த பல வீடுகளில் இதே நிலைமைதான் இருக்கும், தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.

பள்ளி அலுவலகத்துக்கு மூன்று நடை. முதல் நாள், கணக்கு விஷயம் எங்கள் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுப் போனேன். மதிப்பெண் அறிக்கையை அச்சடித்துக் கொடுத்து, "இதை ஸ்கேன் செய்து அனுப்புங்கள், போதும்" என்றார் அந்த அம்மா. போதாது. அந்தக் கல்லூரி, மதிப்பெண் காலேஜ் போர்டிலிருந்து நேரடியாக வரவேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் மூன்றாவது நடையில் எங்கள் பேச்சு எடுபட்டது.

கடைசியில் காரியம் ஆனது காலேஜ் போர்டுக்குத் தொலைபேசியில் பேசித்தான். மகளையே பேச வைத்தேன். பள்ளிப் பெயர், தேர்வு மாதம், பிறந்த தேதி, பதிவேட்டில் உள்ளபடி அந்த 'எஃப்என்யூ' பெயர், எல்லாம் கேட்டார்கள். பள்ளி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சில நாளில் மதிப்பெண் கணக்கில் ஏறியது. அன்றைக்கே பணம் கட்டி, அங்கிருந்து கல்லூரிக்கு அனுப்பினோம்.

எல்லாக் கல்லூரிக்கும் இப்படி ஓட வேண்டாம். விண்ணப்பத்தில் நாமே மதிப்பெண்ணை நிரப்பினால் போதும், சேரும்போது அதிகாரபூர்வ அறிக்கை தரலாம் என்று சொல்லும் கல்லூரிகள் நிறைய உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் (யூசி) வளாகங்கள் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் தனித்தனியாகப் படியுங்கள். அப்புறம், கணக்குக்குப் பள்ளி மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் அது மூடப்பட்டுவிடலாம்.

அக்டோபர் 30 காலை கல்லூரிப் பக்கத்தில் எஸ்ஏடிக்கு நேரே பச்சை டிக் விழுந்தது. மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். மறுநாளே சின்னவனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய், பள்ளிப் பதிவேட்டில் அவன் பெயரைத் திருத்தக் கொடுத்துவிட்டேன். அவன் இப்போதுதான் 8ஆம் வகுப்பு.