மகளுக்கு ஒரு பழைய டிரம்பெட் தேடியபோது

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஓஹாயோ மாநிலத்தில். இங்கே ஐந்தாம், ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகள் பள்ளி பேண்டில் சேர்ந்துவிடுகிறார்கள். மகள் டிரம்பெட்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றாள். கடையில் வாடகைக்கு எடுத்தால் மாதம் 35 டாலர் கேட்டார்கள். பெயர் பெற்ற கம்பெனியின் மாணவர் டிரம்பெட்டைப் புதிதாக வாங்கினால் 1,000 டாலரைத் தாண்டுகிறது. இணையத்தில் 150 டாலருக்கும் பளபளவென்று புதியது வருகிறது. ஆனால் அந்த ரகத்தைப் பழுது பார்க்கும் கடைக்காரர்கள் பலர் கையில் வாங்கவே தயங்குகிறார்கள். உலோகம் மெலிசு, உதிரிப் பாகம் கிடைக்காது. அதனால்தான் பழையவற்றின் பக்கம் போனேன்.

தேடத் தேட ஒன்று தெளிவானது. பழைய டிரம்பெட்டின் விலையைக் கீழே இழுப்பது பெரும்பாலும் கழுவினால் போகிற அழுக்கும், உரிந்த பூச்சும், 'மாணவர் மாடல்' என்ற பெயரும்தான். இவை எதுவும் நாதத்தைக் கெடுப்பதில்லை.

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஊதிய 'மார்ட்டின் கமிட்டி' மாடல் போன்றவை சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்டன. அவற்றைக் குறைந்த விலைக்கு எதிர்பார்க்க முடியாது. அதே காலத்தில், அதே அக்கறையோடு பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்தவை ஏராளமாகச் சிதறிக் கிடக்கின்றன. எல்க்ஹார்ட் நகரத்து கான் கம்பெனியின் 'டைரக்டர்' மாடல், கிளீவ்லாந்தில் செய்த கிங், விஸ்கான்சினின் ஹோல்டன் காலேஜியேட். இவற்றில் என் மனம் போனது ஓல்ட்ஸ் அம்பாஸடர் மேல். கலிபோர்னியாவில் இருந்த எஃப்.இ. ஓல்ட்ஸ் கம்பெனி 1979-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அது செய்த அம்பாஸடர்கள் எழுபது வருடம் கழித்தும் ஊதத் தயாராக இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக அதை மட்டமாக நினைப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. பெல்லில், அதாவது விரிந்த வாய்ப் பகுதியில், 'லாஸ் ஏஞ்சலஸ்' என்று மட்டும் பொறித்திருந்தால், பெரும்பாலும் அது 1950-களின் நடுவில் ஆலை ஃபுல்லர்டனுக்கு மாறுவதற்கு முந்தையது. சீரியல் நம்பரை வைத்து வருடத்தைக் கிட்டத்தட்டக் கணிக்கவும் பட்டியல்கள் உண்டு.

வாத்தியம் தெரிந்தவர் விற்றால் விலையும் தெரிந்துதான் விற்பார். எனவே தெரியாதவர்கள் விற்கும் இடமாகப் பார்த்தேன்: வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேல், இறந்தவர் வீட்டுப் பொருள்களை விற்கும் எஸ்டேட் சேல், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ். அங்கே 'டிரம்பெட்' என்று மட்டும் தேடினால் போதாது. 'பழைய ஹார்ன்', 'பித்தளை', 'பியூகிள்' என்றெல்லாம் போட்டிருப்பார்கள். படம் மங்கலாக இருக்கும். பெல்லின் எழுத்து தெரிய ஒரு படம், விரலால் அழுத்தும் வால்வுகளின் பக்கம் ஒரு படம் கேட்டால் பெரும்பாலானவர்கள் அனுப்பிவிடுவார்கள்.

நேரில் போனால் நான் முதலில் பார்ப்பது லீட்பைப், அதாவது வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைச் செருகும் நீளக் குழாய். ஊதுகிறவரின் எச்சில் ஈரம் முதலில் தங்குவது அங்கேதான். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறிச் செம்பு மட்டும் மிஞ்சும்போது, வெளியே இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். சிலவற்றின் நடுவில் மிளகுக்கும் சின்னதாக ஒரு கரும்பொட்டு இருக்கும். இதை ரெட் ராட் என்பார்கள். இது உள்ளிருந்து அரித்து வருவது, துடைத்தால் போகாது. அந்தக் குழாயையே மாற்ற வேண்டி வந்தால், மலிவாக வாங்கிய லாபம் அதிலேயே போய்விடும். லேக்கர் பூச்சு உரிந்து பழுப்பேறியிருப்பது வேறு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அடுத்தது வால்வு. சட்டைப்பையில் வால்வு எண்ணெய் இல்லாமல் நான் போவதில்லை. காய்ந்த வால்வை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இரண்டு சொட்டு விட்டு, வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை, அதாவது இழுத்து நகர்த்தும் குழாயை, மெல்ல வெளியே இழுத்து, சில நொடி பொறுத்து அழுத்தினால் 'டப்' என்று சத்தம் வர வேண்டும். வந்தால் காற்று கசியவில்லை. மிகப் பழையவற்றில் 'எச்.பி.' என்ற முத்திரை இருந்தால் விட்டுவிடலாம். அந்தக் காலத்து உயர்ந்த சுருதிக்குச் செய்தவை அவை, இன்றைய பேண்டோடு சேராது.

எங்களுக்கு அமைந்தது, 'பழைய ஹார்ன், வேலை செய்யாது, 60 டாலர்' என்று ஒரு பெரியம்மா போட்டிருந்த விளம்பரம். படத்தில் பெல் ஓரத்தில் 'அம்பாஸடர்' என்ற எழுத்து பாதி தெரிந்தது. போய்ப் பார்த்தோம்.

"எங்க அண்ணன் பள்ளிக்கூடத்துல ஊதினது. பேஸ்மென்ட்லயே கிடந்துச்சு. ஊதிப் பாத்தேன், காத்தே உள்ள போகல" என்றார்.

நானும் ஊதினேன். சுவரில் ஊதுவது போலத்தான் இருந்தது. வால்வுகளின் மூடியைத் திருகிக் கழற்றி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். மூன்றிலும் எண் பொறித்திருக்கும். முதல் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் 3 இருந்தது, மூன்றாவது இடத்தில் 1. யாரோ எப்போதோ துடைத்துவிட்டு இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வால்வின் துளையும் குழாயின் துளையும் நேர்படாவிட்டால் காற்று எப்படிப் போகும்? எண்ணெய் விட்டு, சரியான இடத்தில் இறக்கி, வழிகாட்டி முனை 'கிளிக்' என்று பள்ளத்தில் உட்காரும்வரை திருப்பினேன். ஊதியதும் தெளிவாக ஒலித்தது. பெரியம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இது உடையவே இல்லைங்க. நல்லா இருக்குன்னு போட்டா இதைவிடக் கூடுதலாவே போகும்" என்று அவரிடம் சொன்னேன். தெரிந்துகொண்டு மறைத்து வாங்க எனக்கு மனம் வராது. "ஒரு குழந்தை ஊதப் போகுதுல்ல, சொன்ன விலைக்கே எடுத்துக்கோங்க" என்றார். நான் 100 டாலர் கொடுத்தேன்.

மவுத்பீஸ் மட்டும் இறுகிப் போயிருந்தது. அதைக் குறடு வைத்துத் திருக வேண்டாம், லீட்பைப் முறுக்கிக்கொள்ளும். பழுது பார்ப்பவரிடம் அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு நிமிட வேலை. அவரே ரசாயனக் குளியல் போட்டு, இறுகிய டியூனிங் ஸ்லைடை விடுவித்து, எச்சில் வடிக்கும் சாவியின் கார்க்கையும் வால்வுகளின் ஃபெல்ட்டையும் மாற்றினார். மொத்தம் 140 டாலர். குளியலில் கறுப்பும் பச்சையுமாக வந்ததைக் காட்டினார். லீட்பைப்பை விளக்கடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பூச்சு உரிந்த இடங்களை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். மெருகேற்றித் தேய்த்தால் உலோகம்தான் குறையும்.

மகள் இப்போது தினமும் அதில்தான் பயிற்சி செய்கிறாள். அடுத்து சின்னவனுக்காக, டிரம்பெட் போலவே இருக்கும் கார்னெட் என்ற வாத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டிரம்பெட்டின் அதே விரலமைப்பு, அதே சுருதி. குழாய் நெருக்கமாகச் சுருட்டியிருப்பதால் சின்னக் கைக்குப் பிடிக்க வசதி. அமெரிக்கப் பள்ளிகளில் இதைக் கேட்பவர்கள் குறைந்துவிட்டதால், அதே கம்பெனிகள் செய்த கார்னெட்டுகள் டிரம்பெட்டைவிடக் குறைந்த விலைக்கே போகின்றன. வாங்கும்போது மவுத்பீஸ் கூடவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரம்பெட் மவுத்பீஸ் அதில் பொருந்தாது.